கையெழுத்து வைக்க முன்னம்: வீதி விபத்தும் நட்டஈடும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் பிரிவுத் தலைவிமாருக்காகப் பதுளையில் நடத்திய ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தில் ஒரு பேர் குறைந்தால் எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சேமலாப நிதியில் பெயர் பிழைத்தால் எந்தப் படிவம் என்றும் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் ரோட்டில் அடிபட்டுப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கும்போது என்ன செய்வது என்று கேட்டால், “பொலிஸில் போட்டிருக்கு” என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

2021 மார்ச் 20 ஒரு சனிக்கிழமை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. அன்று 14 உயிர்கள் போயின. 30 பேருக்கு மேல் காயம். இங்கே உட்கார்ந்திருக்கும் பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தலைவர்மாருக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அதற்குப் பிறகு 2024 நவம்பரில் துன்ஹிந்தைப் பாதையில் மாணவர்கள் வந்த பஸ் புரண்டது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் இ.போ.ச. பஸ் விழுந்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்கள் வந்த பஸ் விழுந்து 15 பேர். ஒவ்வொரு முறையும் வெள்ளைக்கொடி கட்டுகிறோம், ஒரு கிழமை பேசுகிறோம், பிறகு அந்தக் குடும்பங்கள் தனியாக நிற்கின்றன.

13ஆம் கட்டையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்த இடத்தில் மலையிலிருந்து சரிந்த பாறை வீதியில் கிடந்தது. அதனால் ரோடு ஒடுங்கியிருந்தது. எதிரே டிப்பர் வந்தது. பஸ் ஓரமாக விலகப் போய் விழுந்தது. சம்பவத்தின் காணொளி நாடு முழுக்கப் பரவியது, டிப்பர் சாரதியும் கைதானார். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “யார் மேல் பிழை?” ஒருவர் பஸ் சாரதி என்றார், இன்னொருவர் டிப்பர் என்றார், வேறொருவர் பாறையை அள்ளாமல் விட்டவர்கள் என்றார். மூன்று பேர் சொன்னதையும் சட்டம் காதில் வாங்கும். ஒருவர் மேல் மட்டும்தான் பிழை இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஒரே விபத்துக்கு இரண்டு மூன்று பேர் பொறுப்பாளியாகலாம், பொறுப்பை நீதிமன்றம் பங்கு பிரிக்கலாம். அதற்கென்றே 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு முந்திய காலத்தில் காயப்பட்டவர் பக்கம் கொஞ்சம் பிழை இருந்தாலும் முழு வழக்குமே விழுந்துவிடக்கூடிய நிலைமை. இப்போது அப்படியில்லை. பத்து இலட்சம் நட்டம், அதில் நாலு பங்கில் ஒரு பங்கு பிழை எங்கள் ஆளுடையது என்றால், ஏழரை இலட்சம் கிடைக்க வேண்டும்.

கவனயீனம் என்றால் என்ன? இந்த நாட்டில் இந்த விசயத்துக்கு இருப்பது ரோமன் – டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் போய் எத்தனையோ காலமாயிற்று, அவர்களுடைய சட்டம் இன்னும் பதுளை மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதில் பழைய ரோமாபுரிக்காரன் வைத்த அளவுகோல் ஒன்று உண்டு: கவனமுள்ள ஒரு குடும்பத் தலைவன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? குடும்பத் தலைவி என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் லயங்களில் கவனம் அதிகம் அந்தப் பக்கம்தான். மூடுபனி இறங்கிய ஹப்புத்தளை வளைவில் அந்த ஆள் வேகத்தைக் குறைத்திருப்பாரா? கோர்ன் அடித்திருப்பாரா? தேய்ந்த டயரோடு வண்டியை எடுத்திருப்பாரா? அவர் செய்திருப்பதை இந்தச் சாரதி செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதோடு உண்மையான நட்டம் வந்தது என்று காட்ட வேண்டும். கடைசியாக, அந்தக் கவனயீனத்தால்தான் இந்த நட்டம் வந்தது என்று காட்ட வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வீதி விபத்து அல்லாத ஒரு வழக்கைச் சொல்கிறோம், ஏனென்றால் இந்த நாட்டுச் சட்டத்தரணிகள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக ஒரு தகப்பன் தன் பெண்பிள்ளையின் மரணத்துக்காகப் போட்ட வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் கொடுத்தது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமாகச் சுருங்கியது. 2001இல் உயர் நீதிமன்றத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது. கவனயீனம் இருந்தது என்பதை அந்த நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. எங்கள் விசயத்துக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். சாரதி லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அவர் ஓட்டிய விதம்தான் இடித்ததற்குக் காரணம் என்று காட்ட வேண்டும். காயப்பட்டவர் ஆறு மாதம் கழித்து இறந்தால், அந்தக் காயத்தால்தான் இறந்தார் என்று வைத்தியரின் எழுத்து வேண்டும். இடையில் வீட்டில் வைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம், கிளினிக்குக்குப் போகவில்லை என்றால், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அந்த ஓட்டையில் புகுந்துகொள்வார்.

அடுத்தது, இரண்டு வழக்கு என்பதை மனதில் வையுங்கள். பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது ஒன்று. மரணம் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. அது அரசாங்கத்துக்கும் சாரதிக்கும் இடையிலான வழக்கு. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகும். குடும்பத்துக்குரிய முழு நட்டஈட்டை வாங்குவதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும். முதல் வழக்கில் சாரதி தப்பினாலும் இரண்டாவதில் மாட்டலாம். முதலாவதில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் எங்கள் பக்கம் தராசு கொஞ்சம் தாழ்ந்தால் போதும். “கேஸ் தள்ளுபடியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது” என்று யாராவது சொன்னால், எந்தக் கேஸ் என்று கேளுங்கள்.

இனி, முதல் நாள். ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம், இடம் வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெரிய ரோட்டு ஓரமாக வந்த ஓர் அக்காவை வேன் ஒன்று இடித்தது. இடுப்பு எலும்பு உடைந்தது. அன்று மாலை பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப் போனவர் அவருடைய கொழுந்தன். அவர் தமிழில் சொன்னார், சிங்களத்தில் எழுதினார்கள், அவர் கையெழுத்து வைத்தார். பல மாதம் கழித்துப் பிரதி எடுத்துப் பார்த்தால், “அவர் திடீரென்று ரோட்டைக் கடந்தார்” என்று இருக்கிறது. கொழுந்தன் அப்படிச் சொல்லவேயில்லை, அவர் விபத்தைப் பார்க்கவும் இல்லை. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு காப்புறுதிக் கம்பனி ஒரு வருடம் இழுத்தடித்தது.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது இதுதான். பார்த்தவர் மட்டும் பார்த்ததைச் சொல்லட்டும். பார்க்காதவர், “நான் பார்க்கவில்லை, செய்தி கேட்டு வந்தேன்” என்றே சொல்லட்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் எழுதும் அலுவலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். சத்தம் போடத் தேவையில்லை, மரியாதையாகக் கேட்டாலே பெரும்பாலும் நடக்கும். கூட்டத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த இளையவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது.

தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. அடிபட்டவரின் முகத்தைப் படம் பிடித்து அனுப்புவதற்கு அதைப் பாவிக்க வேண்டாம். முதலில் ஆளைத் தூக்குங்கள். பிறகு வாகன இலக்கம், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான வரிப்பத்திரம், காப்புறுதி அட்டை, வாகனம் நின்ற இடம், ரோட்டில் டயர் இழுத்த கோடு, உடைந்த கண்ணாடி கிடந்த இடம், பக்கத்தில் மைல் கட்டை அல்லது மின்கம்ப இலக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மழை வந்தால் அந்தக் கோடு அரை மணித்தியாலத்தில் போய்விடும், எங்கள் பக்கத்தில் மழை வராத நாள் எது? பின்னேரம் என்றால் வெளிச்சம் எப்படி இருந்தது என்று தெரிகிற மாதிரி தூரத்திலிருந்தும் ஒன்று எடுங்கள். எதிரே கடை இருந்தால் கமெரா இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள், சில நாட்களில் பழைய பதிவு அழிந்துவிடும். பின்னால் வந்த பஸ்ஸில், ஓட்டோவில் இருந்தவர்களின் பெயரும் நம்பரும் வேண்டும். பொலிஸ் வரைபடத்தில் வாகனம் எந்தப் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முறைப்பாட்டின் சான்றுபடுத்திய பிரதியைப் பணம் கட்டிப் பெறலாம். வாகனப் பரிசோதகரின் அறிக்கை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, மரணம் என்றால் திடீர் மரண விசாரணை ஏடு, எல்லாம் வழக்குக்கு வேண்டும். ஆஸ்பத்திரி டிக்கட், மருந்துச் சிட்டை, ஓட்டோக்காரருக்குக் கொடுத்த காசு வரைக்கும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கூரைத் தகட்டுக்குக் கீழே செருக வேண்டாம், ஒழுகும்.

எல்லாம் எங்கள் தோளில்தானா என்றால், சில சம்பவங்களில் நடந்த காரியமே பேசும். பஸ் ரோட்டை விட்டுத் தானாகப் பள்ளத்தில் இறங்கினால், கவனமாக ஓட்டுகிறவர் கையில் அது வழக்கமாக நடக்காது. அப்போது எதிர்ப்பக்கம்தான் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு வரும். பஸ்ஸில் போன பிரயாணிகளுக்கு இது பெரிய பலம்.

இப்போது தலைப்பில் உள்ள கையெழுத்துக்கு வருவோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வாகனக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் பழத்தோடு வருவார். நல்ல மனுசனாகவும் இருக்கலாம். பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுப்பார், ஒரு தாளை நீட்டுவார். சாவு வீட்டில் பெட்டிக்குக் காசில்லாத நேரம் அது. அந்தத் தாளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, “இத்துடன் சகல உரிமைக் கோரிக்கைகளும் முடிந்தன” என்று இருக்கலாம். காசை வாங்குவது தப்பு என்று நாங்கள் சொல்லமாட்டோம், பசி எங்களுக்கும் தெரியும். ஆனால் “மரணச் செலவுக்கு உதவியாக இவ்வளவு பெற்றோம், மற்ற உரிமைகள் அப்படியே இருக்கின்றன” என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் எதற்காக வந்தார் என்று அப்போது விளங்கும். எழுதத் தெரியாத இடத்தில் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும், தலைவரே அதற்குச் சாட்சியும் வைக்க வேண்டும்.

அந்தப் பதினைந்தாயிரம் எவ்வளவு சின்னது என்று கணக்குப் போடுவோம். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் என்றால் 33,750. வருடத்துக்கு 4,05,000. நாற்பது வயதில் ஒருவர் இறந்தால், இன்னும் பதினைந்து வருடம் உழைத்திருப்பார் என்று வைத்தால் 60 இலட்சத்துக்கு மேல் வரும். நீதிமன்றம் இதை அப்படியே தராது. அவர் தனக்குச் செலவழித்திருக்கும் பங்கைக் கழிக்கும், மொத்தமாக முன்கூட்டியே கிடைப்பதற்கும் கழிக்கும், வேலையில்லாத நாட்களையும் பார்க்கும். கழித்தாலும் எங்கே அது, எங்கே பதினைந்தாயிரம்! இதோடு சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்டும் பங்கு, லயத்துக்குப் பின்னால் போட்ட லீக்ஸ், கரட், ஒரு மாட்டின் பால் எல்லாம் வருமானம்தான். சம்பளச் சீட்டை எறியாதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதற்கும் சேர்த்துத்தான். பால் சேகரிப்பு நிலையத்துத் துண்டு, மரக்கறி வியாபாரி எழுதித் தந்த சிட்டை எல்லாம் சாட்சி.

முன்பு மரண வழக்கில் இந்த வருமான இழப்புக் கணக்கு மட்டும்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வேதனைக்கு ரோமன் – டச்சுச் சட்டத்தில் விலை இல்லை, ஏனென்றால் பிள்ளை உழைக்கவில்லை. நாங்கள் முன்பு சொன்ன பேராசிரியரின் வழக்கிலும் அந்தச் சிக்கல் இருந்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது. இன்னொருவரின் கவனயீனத்தால் ஒருவர் இறந்தால் அவருடைய அன்பும் பராமரிப்பும் துணையும் இல்லாமல் போனதற்கும் பெற்றோர், பிள்ளைகள், துணைவர் போன்றவர்கள் நட்டஈடு கேட்கலாம். ஸ்கூலுக்குப் போகும் வழியில் அடிபட்டுப் பிள்ளை இறந்தால் “உழைக்காத பிள்ளைதானே” என்று எவரும் கை விரிக்க முடியாது. ஆசிரியர்களாக எங்களுக்கு இது மிக முக்கியமான சட்டம். எங்கள் லயங்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லிக் கேட்டோம், இந்த மண்டபத்தில் இரண்டு கை.

காலக்கெடு இரண்டு. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பொலிஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்து இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. சிறுபிள்ளைகளுக்கு விதிவிலக்கு இருக்கிறது, அதை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். மற்றது காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல். வழக்குத் தாக்கல் செய்ய முன்போ, தாக்கல் செய்து ஏழு நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தில் இது இருக்கிறது. இதைத் தவறவிட்டால் தீர்ப்பு கையில் இருக்கும், கொடுக்க வேண்டிய ஆள் ஓர் ஓட்டோக்காரர் மட்டும்தான் மிஞ்சுவார். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பையில் போடுங்கள்.

ஓட்டோக்காரர் என்றதும் தம்பிமார் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். சரி, உங்கள் பக்கமும் பேசுவோம். எங்கள் பிள்ளைகள் அடிபடுகிறவர்கள் மட்டுமல்ல, ஓட்டுகிறவர்களும்தான். லீசிங்கில் எடுத்த ஓட்டோ, கூலிக்கு ஓட்டும் டிப்பர், வெலிமடைக்கு மரக்கறி ஏற்றும் லொறி. விபத்து நடந்தால் ஓடாதீர்கள். நிற்பதும், பெயர் கொடுப்பதும், பொலிஸுக்கு அறிவிப்பதும் சட்டக் கடமை. ஓடினால் அதுவே தனிக் குற்றம், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள். அடி விழும் என்று பயந்தால் நேரே பொலிஸுக்குப் போங்கள்.

பொலிஸ் நிலையத்தில், “சேர், என் மேல்தான் பிழை, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்” என்று விழுந்துவிடுவதும் நடக்கிறது. நடந்ததைச் சொல்லுங்கள், தீர்ப்பை நீங்களே எழுத வேண்டாம். எதிரே வந்தவர் வளைவில் முந்தினாரா, மாடு குறுக்கே பாய்ந்ததா, நடந்து வந்தவர் இருட்டில் ரோட்டு நடுவில் நின்றாரா, அதையெல்லாம் சொல்லுங்கள். திடீர் ஆபத்தில் ஒரு நொடியில் எடுத்த முடிவு பிழைத்துப்போனால், ஆறுதலாக உட்கார்ந்து யோசித்த முடிவைப் போல நீதிமன்றம் அதை அளக்காது. ஆனால் அந்த ஆபத்தை உண்டாக்கியவரே நீங்கள் என்றால் இது உதவாது.

“பிரேக் பிடிக்கவில்லை” என்பது எங்கள் மலைநாட்டின் தேசிய கீதம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கிறோம். அது தப்பும் வழியாக வேண்டுமானால், வண்டியை ஒழுங்காகப் பராமரித்தேன், முன்பே தெரியவர வழியில்லாத கோளாறு இது என்று காட்ட வேண்டும். கராஜ் பில் எங்கே? கடைசியாக பிரேக் லைனர் மாற்றியது எப்போது? புகைச் சான்றிதழை நீட்டினால் போதாது, அது பிரேக்குக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல. சொந்தக்காரருக்குச் சொல்லியும் அவர் திருத்தவில்லை என்றால், சொன்னதற்கு ஒரு குறுஞ்செய்தியாவது வைத்திருங்கள். வேலைக்காரச் சாரதி வேலை நேரத்தில் விட்ட பிழைக்கு முதலாளியும் பொறுப்பு. தேய்ந்த பிரேக்கோடு இறக்கத்தில் அனுப்பியவர் பொறுப்பிலிருந்து கழன்றுவிடக் கூடாது.

லொறி, ட்ரக்டரில் ஆள் ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பொருள் ஏற்றப் பதிந்த வாகனத்தில் ஆட்களை ஏற்றினால் காப்புறுதி விசயம் சிக்கலாகும், கம்பனி கை விரிக்கப் பார்க்கும். வெளித்தோட்டங்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் கைகாசுக்குப் போகும் அக்காமார் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டிப்போகிறவர் பெயர், வாகன இலக்கம், நாட்கூலி மூன்றையும் வீட்டில் யாருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலையில் இருக்கும்போது, தோட்டத்து வாகனத்தில், தோட்டத்து வேலைக்காக அடிபட்டால் வேறு வழியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அங்கே யாருடைய கவனயீனத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால், வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். 2022ஆம் ஆண்டின் திருத்தத்தோடு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது, உச்சத் தொகையும் ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாகக் கூடியது. ஆனால் துரைமாருக்கு எதிராக அதே காயத்துக்கு மாவட்ட நீதிமன்றத்திலும் ஆணையாளரிடமும் இரண்டு பக்கமும் வாங்க ஏலாது. எந்தப் பாதையில் போவது என்று வழக்குப் போட முன் சட்டத்தரணியோடு பேச வேண்டும். காயம் பெரிது, எதிர்ப்பக்கக் கவனயீனத்துக்குச் சாட்சியும் பலம் என்றால் ஒன்று. சாட்சி இல்லை, கை உடைந்திருக்கிறது என்றால் மற்றது. எங்கள் அபிப்பிராயத்தில் தோட்டத்துக்குள் நடக்கும் பெரும்பாலான விபத்துகளுக்கு ஆணையாளரிடம் போவதே கெதியானது.

ஹாலிஎலப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தலைவர் இடைவேளையில் கேட்டார்: பாறை விழுந்து கிடந்தது, பாதுகாப்பு வேலி இல்லை, அரசாங்கத்துக்கு எதிராகப் போக முடியுமா? முடியும். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசையும் இப்படியான வழக்குக்குப் பொறுப்பாளியாக்கியிருக்கிறது. சட்டமா அதிபருக்கு எதிரான வழக்கென்றால் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆனால் ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்குத் தெரியும் என்று காட்ட வேண்டியிருக்கும், அதற்கு எழுத்து வேண்டும். ஆகவே உங்கள் தோட்டத்து ரோட்டில் இப்போது சரிந்து கிடக்கும் மண், உடைந்த மதகு, வேலியில்லாத வளைவு எதுவானாலும் படத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒன்று, மாகாண வீதி என்றால் மாகாணத்துக்கு, பிரதேச சபை வீதி என்றால் சபைக்கு, பிரதி பிரதேச செயலாளருக்கு. பதிவுத் தபால். கடிதத்தால் மண்ணை அள்ளிவிட்டால் நல்லது, வழக்கே தேவைப்படாது.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, பதுளையிலும் இருக்கிறது. வருமானச் சான்றுக்குச் சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள். சங்கக் காரியாலயத்தில் தமிழில் இரண்டு மாதிரிக் கடிதங்கள் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறோம், காப்புறுதிக் கம்பனிக்கு ஒன்று, மரணச் செலவு பெற்றதற்கு ஒன்று. போகும்போது ஒவ்வொரு தோட்டத்துக்கும் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு வருடம் முடியாத விபத்து உங்கள் தோட்டத்தில் இருந்தால், அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பத்தையும் அவர்களுடைய பையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். லுணுகலைப் பஸ் காலை ஆறரைக்கு.